ஸ்டார்ட் ஆகாத கார்: எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் இருப்பது

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலரும் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுகிறார்கள். பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜும் அதிலேயே தீர்ந்துவிடும். முதல் தடவை கேட்ட சத்தம்தான் கோளாறு எங்கே என்று காட்டும். பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் எல்லாக் கோளாறும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இங்கே சொல்வது 12 வோல்ட் பேட்டரியும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் உள்ள, கையால் கியர் போடும் பெட்ரோல் கார்களுக்கு. ஆட்டோமேட்டிக் வேறுபடும் இடங்கள் 4, 8ஆம் பகுதிகளிலும், டீசல் வேறுபடும் இடம் 11ஆம் பகுதியிலும் இருக்கின்றன. காசும் ஆபத்தும் குறைந்த சோதனை முதலில் வரும்படி அடுக்கியிருப்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. காரில் முன்பே இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். விலை குறைந்ததே போதும், ஆனால் 10 ஆம்பியர் வரை அளப்பதாக இருக்கட்டும். பேட்டரி டெர்மினலுக்கு 10 மி.மீ. ஸ்பேனர். உப்புத்தாள் ஒரு துண்டு. காருக்கு உரிய ஃபியூஸ்களில் ஒவ்வொரு அளவிலும் ஒன்று. டார்ச்.

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்க (அதுதான் 'ஜம்ப்') ஜம்பர் கேபிள் வேண்டும். வாங்கும்போது மேலுறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இருக்கும் செம்பு மெலிசாக இருந்தால் கேபிள் சூடாகுமே தவிர, இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் அளவுக்குக் கரண்ட் போகாது. மூன்று மீட்டர் நீளம் இல்லாவிட்டால் இரண்டு காரும் முகம் பார்த்து நின்றால்தான் எட்டும்.

இன்னொரு சாவியை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் இந்தப் பட்டியலில் சேரும். காரணம் 10ஆம் பகுதியில்.

2. சாவியைத் திருப்பும் முன்

கார் மழை வெள்ளத்தில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கி நின்றன. அப்படி நின்ற காரில் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை பிழைத்திருந்த இன்ஜினை அந்த ஒரு திருகல் கெடுத்துவிடும்.

அப்படிப்பட்ட காரில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து, லாரியில் ஏற்றி அனுப்புங்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஓட்ட முயன்றதால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காமல் போகலாம்.

வெள்ளம் இல்லையென்றால் ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஏசி, ஹெட்லைட், பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வாசனை வருகிறதா, எலி கடித்த ஒயர் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் பத்து நாள் நின்ற காரில் எலி வேலை சாதாரணம். பெட்ரோல் வாசனை பலமாக இருந்தால் இதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் ஹஸார்டு விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, ஆட்களைச் சாலையை விட்டு இறக்கிய பிறகுதான் பானெட். தேசிய நெடுஞ்சாலையானால் உதவிக்கு 1033.

3. ஒரே ஒரு முறை திருப்பிக் கேளுங்கள்

உள்ளே இருக்கும் கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ஹெட்லைட்டை வைத்து இதைப் பார்க்க வேண்டாம். பல கார்களில் சாவி ஸ்டார்ட் நிலைக்குப் போகும்போது ஹெட்லைட் தானாகவே அணையும். பேட்டரி போய்விட்டது என்று தப்பாக நினைத்துவிடுவோம்.

சத்தமே இல்லை, கூரை விளக்கும் எரியவில்லை அல்லது மங்கிச் சாகிறது: பேட்டரி, அல்லது அதன் டெர்மினல். பகுதி 5, 6.

'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடிக்கிறது: பேட்டரி பலம் போதவில்லை. செல்ஃபின் சாலினாய்டு (மின்காந்த சுவிட்ச்) இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, அதனால் சாலினாய்டு விடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. அந்த ஓட்டம்தான் டிக்டிக். இதுவும் பகுதி 5, 6.

சத்தமே இல்லை, ஆனால் கூரை விளக்கு அப்படியே பளிச்சென்று இருக்கிறது: செல்ஃபுக்கு உத்தரவே போகவில்லை. பகுதி 4.

'டொக்' என்று ஒற்றைச் சத்தம், விளக்கு பளிச்: செல்ஃப் மோட்டார். பகுதி 9.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பற்றவில்லை: பேட்டரியை விட்டுவிட்டு நேராகப் பகுதி 10.

4. உத்தரவு போகவில்லை: கிளட்ச், சாவி, பிரேக்

புதிய கார்கள் பலவற்றில் கிளட்சைக் கடைசி வரை மிதிக்காமல் செல்ஃப் எடுக்காது. கால் மிதியடி சுருண்டு கிளட்ச் பெடலுக்கு அடியில் போயிருந்தால் பெடல் அந்தக் கடைசிக் கால் அங்குலம் இறங்காது. முதலில் மிதியடியை இழுத்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் காரில் லீவர் 'பி'யில் எடுக்காவிட்டால், பிரேக்கை மிதித்தபடி 'என்'னில் முயலுங்கள். லீவர் சுவிட்ச் தேய்ந்திருந்தால் ஒன்றில் எடுக்காதது மற்றதில் எடுக்கும்.

பட்டன் ஸ்டார்ட் காரில் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் வேலை செய்யவில்லை. இன்ஜின் ஓடாதபோது நாலைந்து முறை மிதித்தால் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அப்போது வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டும். ரிமோட்டின் உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, தீர்ந்திருந்தால் ரிமோட்டையே பட்டன்மேல் ஒட்டி வைத்து அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் அது வேலை செய்யும்.

சாவியே திரும்பவில்லை என்றால் அது ஸ்டீயரிங் லாக். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்புங்கள். பலத்தைச் சாவியில் காட்டினால் சாவிதான் உடையும்.

5. பேட்டரி: கண்ணால் அல்ல, மீட்டரால்

ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஹாரனுக்கு ஒரு சில ஆம்பியர் போதும். சின்ன காரின் செல்ஃபுக்கே 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். சற்று முன்புதான் கார் ஓடியது என்றால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் பொய்க் கணக்குக் காட்டும்.

12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 கால். 11.8க்குக் கீழே காலி. 10.5க்கு அருகில் நின்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று கொள்ளலாம். சார்ஜ் போட்டாலும் அது நிற்காது, புதிதுதான் வாங்க வேண்டும்.

அடுத்து, மீட்டரை எடுக்காமலே ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. ஓய்வில் 12.5 காட்டி, சுற்றும்போது 7க்கு விழும் பேட்டரிகள் உண்டு. ஓய்வு அளவை மட்டும் பார்த்தவர்கள் நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்ப்பது இதனால்தான்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை வாசனை வந்தாலோ சார்ஜும் போடக் கூடாது, ஜம்பும் கொடுக்கக் கூடாது.

6. டெர்மினல்: அரைமணி நேர வேலை, பல ஆயிரம் ரூபாய் மிச்சம்

பேட்டரி 12.5 காட்டுகிறது, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை. இந்த நிலையில் முதல் சந்தேகம் டெர்மினல்மேல்தான். ஈயத்தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவே வெள்ளையாகவோ பச்சையாகவோ படியும் உப்பு, விளக்குக்குத் தேவையான சின்ன கரண்டை விடும். செல்ஃபுக்கான பெரிய கரண்டைத் தடுத்துவிடும்.

சோதிப்பது எளிது. மீட்டரின் ஒரு முனை ஈயத்தூணின் தலையில், மற்றது அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில். சாவியைத் திருப்பும்போது மீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த இணைப்பு சரியில்லை. மீட்டர் இல்லையா? இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு புறங்கையைக் கிளாம்புக்கு அருகில் கொண்டுபோங்கள். சூடாக இருப்பதுதான் குற்றவாளி.

சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். மோதிரம், வளையல், உலோகப்பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். நெகட்டிவை முதலில் எடுங்கள், பிறகு பாசிட்டிவ். காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்தது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நேர் ஷார்ட். ஸ்பேனர் சிவக்கும், கை வேகும். நெகட்டிவ் கழன்ற பிறகு பட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் உப்பு பொங்கிக் கரையும். தண்ணீர் ஊற்றும் மூடிகள் உள்ள பேட்டரியானால் அந்த நீர் உள்ளே போகாமல் மூடிகளை இறுக்கிவையுங்கள். துடைத்துக் காயவைத்து, தூணையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் மினுங்கும்வரை தேயுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கையால் திருகிப் பார்த்தால் கிளாம்ப் அசையவே கூடாது. மாட்டி முடித்த பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மாட்டும் முன் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பு படிவதைத் தடுப்பது நோக்கமென்றால் வெளியே போதும்.

நெகட்டிவ் கேபிள் பாடியிலும் இன்ஜினிலும் போய் முடியும் இடத்தையும் பாருங்கள். அங்கே போல்ட் துருப்பிடித்தாலும் இதே அறிகுறிதான். பேட்டரியின் நெகட்டிவ் தூணுக்கும் இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதிக்கும் நடுவே, செல்ஃப் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்க்க வேண்டும்.

7. ஜம்ப் கொடுப்பது

உதவிக் காரின் பேட்டரியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். 24 வோல்ட் லாரியிலிருந்து கொடுத்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் போய்விடும். இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் ஆஃப்.

சிவப்புக் கேபிள், இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கறுப்பின் மறுமுனை, இறங்கிய காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி.

கடைசி முனையைப் பேட்டரியில் மாட்டாததற்குக் காரணம் உண்டு. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். இறங்கிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும்.

இப்போது உதவிக் காரை ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து 5 முதல் 10 நிமிடம் ஓடவிடுங்கள். பலரும் மாட்டிய உடனே சாவியைத் திருப்பிவிட்டு, 'ஜம்ப் கொடுத்தும் எடுக்கவில்லை' என்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கிய பேட்டரி கொஞ்சம் ஏற வேண்டும். அதன் பிறகும் எடுக்காவிட்டால் கிளிப்புகளை இடத்திலேயே ஆட்டி, பல் நன்றாகக் கடிக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் போட்ட வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள். கழற்றும்போது கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது.

8. தள்ளி ஸ்டார்ட் செய்வது

கையால் கியர் போடும் காரில் மட்டும். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி காரிலும் முயல வேண்டாம்.

சாவி ஆன் நிலையில், கிளட்ச் மிதித்து, இரண்டாவது கியர். ஆட்கள் தள்ளி வேகமான நடையைத் தாண்டியதும் கிளட்சைச் சட்டென்று விட்டு, பற்றியதும் உடனே மிதியுங்கள். முதல் கியர் வேண்டாம். சக்கரம் பிடித்துக் கார் குலுங்கி நிற்கும், தள்ளுகிறவர் மோதிக்கொள்வார். டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாவிட்டால் தள்ளுவது வீண். பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் பேட்டரி வேண்டும்.

இரண்டு முறைக்கு மேல் தள்ளாதீர்கள். எரியாத பெட்ரோல், சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுத்துவிடும்.

9. ஒற்றை 'டொக்': செல்ஃப் மோட்டார்

பேட்டரி நன்றாக இருக்கிறது, டெர்மினல் சுத்தம், ஆனாலும் 'டொக்' மட்டும்தான். சாலினாய்டின் உள்ளே செம்புத் தொடுப்பு தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் முடிந்திருக்கும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் ஸ்பேனரின் கைப்பிடியால் மோட்டாரின் உடலில் லேசாகத் தட்டினால் பிரஷ் மறுபடி பிடித்து எடுக்கலாம். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இறுக்கமாக இருக்க வேண்டும். கை, துணி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. இது வீடு போய்ச் சேர்வதற்கான வழி மட்டுமே. அடுத்த முறை எடுக்கும் என்று நம்பி வெளியூர் கிளம்பாதீர்கள்.

'டொக்' கேட்கும்போது விளக்கு பலமாக மங்கி, நல்ல பேட்டரி மாற்றியும் அப்படியே இருந்தால் இன்ஜினே இறுகியிருக்கலாம். அதற்குமேல் முயல வேண்டாம்.

10. செல்ஃப் சுற்றுகிறது, பற்றவில்லை

ஒரு முயற்சி 5 வினாடிக்கு மேல் போகக் கூடாது. நடுவே 30 வினாடி இடைவெளி. செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, சுருள் கருகிவிடும்.

முதலில் காதால் கேளுங்கள். வழக்கமாகக் கேட்கும் 'ர்ர-ர்ர-ர்ர' என்ற ஏற்ற இறக்கம் இல்லாமல், தடையே இல்லாததுபோல் 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றினால், பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடிக்கும்.

அடுத்து சாவி படம் போட்ட விளக்கு. சாவி ஆன் நிலையில் அது சிமிட்டிக்கொண்டே இருந்தால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. சாவிக்கொத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் பிரித்துவிட்டு முயலுங்கள், பிறகு இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகி இரண்டு வினாடியில் அணைவதும் சில கார்களில் இதனால்தான்.

பிறகு பெட்ரோல். சாவியை ஆனுக்குத் திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு வினாடி 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். ரோட்டோரம் இரைச்சலாக இருந்தால் ஒருவரைப் பின் சீட்டில் காதை வைக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் பம்பின் ஃபியூஸ், அடுத்து ரிலே (பம்புக்குக் கரண்ட் விடும் மின்சுவிட்ச்). ஃபியூஸ் பெட்டியின் மூடியில் படம் இருக்கும். ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். கடைக்கு ஓடாமலே விடை தெரியும். ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவுதான் போட வேண்டும். ஒயர்த்துண்டைச் சொருகினால் அடுத்து எரிவது வண்டியின் ஒயரிங்.

சில பழைய ஃபோர்டு, ஃபியட் கார்களில் மோதலின்போது பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்த பிறகு நின்றுபோனால், பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டு அதன் பட்டனை அழுத்துங்கள்.

டேங்க் காலியாகி நிரப்பியிருந்தால் சாவியை ஆன் செய்து மூன்று வினாடி, ஆஃப், மறுபடி ஆன் என்று நான்கு முறை. குழாயில் அழுத்தம் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பம்ப் ஓடுகிறது, பல முறை முயன்றாகிவிட்டது, பெட்ரோல் வாசனை வருகிறது என்றால் ஸ்பார்க் பிளக் நனைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்தபடியே 5 வினாடி சுற்றுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அந்த நிலையில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். இரண்டு மூன்று முயற்சியில் காய்ந்து பற்றும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு: முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் இப்போதைய காயில்களில் பிளக்கை வெளியே வைத்துப் பொறி பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஷாக் பலமாக அடிக்கும், காயிலும் போகும்.

சூடான இன்ஜின் ஓடும்போதே நின்று, அரைமணி ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறதென்றால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் சொருகி, பி0335 என்ற பிழைக் குறியீடு வருகிறதா பாருங்கள். குறியீடு வந்தாலும் சென்சாரை வாங்கும் முன் அதன் ஒயரைப் பாருங்கள். எலி கடித்தாலும் அதே குறியீடுதான் வரும்.

11. டீசல் காரானால்

காலையில் சாவியை ஆன் செய்து, சுருள் படம் போட்ட விளக்கு அணையும்வரை காத்திருங்கள். குளோ பிளக் சூடாகும் நேரம் அது. டீசல் தீர்ந்து நின்றிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் பக்கத்தில் கைப்பம்ப் இருக்கும் கார்களில் அது இறுகும்வரை அமுக்கிய பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். குளோ பிளக் சூட்டில் அது முன்பே வெடித்து இன்ஜினைச் சேதப்படுத்தும்.

12. ஸ்டார்ட் ஆன பிறகு

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.5இலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கும். பேட்டரி ஒயரைக் கழற்றி இன்ஜின் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை உங்கள் காரில் செய்ய விடாதீர்கள். கழற்றும் அந்தக் கணத்தில் ஏறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரைக் கொன்றுவிடும்.

முழுதாக இறங்கிய பேட்டரி அரைமணி ஓட்டத்தில் நிரம்பாது. 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்பியரில், சார்ஜரில் இரவு முழுக்க வைப்பதே சரி.

எதையும் அணைக்க மறக்கவில்லை, ஆனாலும் மூன்று நாளில் இறங்குகிறது என்றால் எங்கோ மின்கசிவு. எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவைக் கழற்றி, தூணுக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். இணைத்த பின் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போகும். கம்ப்யூட்டர்கள் தூங்க அரைமணி கொடுத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. டிக்கியில் அணையாத 5 வாட் விளக்கு ஒன்றே 400 மில்லி ஆம்பியர் இழுத்து, 35 ஏஹெச் பேட்டரியை மூன்றரை நாளில் காலி செய்துவிடும்.

அதிகமாகக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த வரிசையில்தான் கசிவு. வெளியே போட்ட டேஷ்கேம், ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அவற்றை முதலில் கழற்றிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருந்தால் காரின் எந்த ஃபியூஸை எடுத்தாலும் அவை அகப்படாது.